பெயரால் அடுக்குவதா, ஊரால் அடுக்குவதா?

கேள்வி: நெல் ஆலையொன்றுக்காக எழுதும் ஜாவா நிரலில், விவசாயிகளின் பட்டியலைப் பெயர்வரிசையில் அடுக்க, வகுப்புக்குள்ளேயே (class) ஒப்பிடும் விதியாக 'கம்பேரபிள்' (Comparable) எழுதினேன். ஆலைக்காரர் இப்போது ஊர்வாரியாகவும் கேட்கிறார். அத்துடன், கபிலனுக்கு முன்னால் கனகம் வந்து நிற்பது ஏன்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வகுப்புக்குள் இயல்பான வரிசை ஒன்றுதான் இருக்க முடியும் என்பதால், அதைத் தொடாமல், ஊருக்கென்று ஒரு 'கம்பேரட்டரை' (Comparator), அதாவது தனியான ஒப்பீட்டு விதியை, வெளியே எழுதுங்கள். ஜாவாவில் பட்டியலை அடுக்கும் முறை நிலையானது. அதாவது, பெயரால் அடுக்கிய பட்டியலை ஊரால் மறுபடி அடுக்கினாலும், மண்டூர்க்காரர் தமக்குள் பெயர்வரிசை குலையாமலே நிற்பர். எனினும், 2014இல் வந்த ஜாவா 8 முதல் கிடைக்கும் 'கம்பேரிங்' (முதலில் எதால் ஒப்பிடுவது), 'தென்கம்பேரிங்' (அது சமமானால் அடுத்து எதால் ஒப்பிடுவது) இரண்டையும் கோத்து ஒரே தடவையில் முடிப்பதே என் விருப்பம்.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, ஜாவா நம் நெடுங்கணக்கைப் பார்த்து ஒப்பிடுவதில்லை, ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் தரப்பட்டுள்ள யுனிகோட் எண்ணைப் பார்த்தே ஒப்பிடுகிறது. அங்கே றன்னகரம் (ன) தந்நகரத்தை (ந) அடுத்து, பகரத்துக்கு முன்னே இடம்பிடித்திருக்கிறது. நாமோ அதை மெய்களின் கடைசியில் வைத்துப் படித்தவர்கள். புள்ளியின் எண்ணும் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் வருவதால், 'க்' என்பது 'கௌ'வுக்கும் பிந்திவிடும். பெயர்களை மட்டும் ஐசியு (ICU) என்னும் நிரல் நூலகத்தின் தமிழ்க் 'கொலேட்டரால்', அதாவது மொழியின் அகரவரிசைப்படி ஒப்பிடும் கருவியால், ஒப்பிடுங்கள். கபிலன் முன்னே வந்துவிடுவார்.