ஹாஸ்பிஸ் லாட்டரி: வாரம் 1 பவுண்டு எங்கே போகிறது?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். நான் வேலைக்குப் போயிருந்த நேரம், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் வீட்டுக்கு வந்து, ஒரு ஹாஸ்பிஸுக்கான (தீரா நோயாளிகளைப் பராமரிக்கும் அமைப்பு) லாட்டரியில் அம்மாவைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். வாரம் 1 பவுண்டு. அம்மா வங்கிக் கணக்கு எண்ணையும் கொடுத்துவிட்டார். இது ஏமாற்று வேலையா? இல்லையென்றால், கட்டுகிற பணத்தில் நோயாளிகளுக்கு எவ்வளவு போய்ச் சேரும்?

பதில்: பெரும்பாலும் உண்மையானதாகத்தான் இருக்கும். வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. தெருவில் நடந்தபடி சீட்டு விற்கத்தான் தடை. அங்கே மேசையோ ஸ்டாண்டோ போட்டுத்தான் விற்கலாம். ஆனாலும் சரிபார்த்துவிடுங்கள். அவர் தந்த தாளில் லாட்டரியை நடத்தும் அமைப்பின் பெயர் இருக்கும். கேம்ப்ளிங் கமிஷன் (சூதாட்டங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) இணையதளத்தில் உள்ள உரிமப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடுங்கள். சின்ன லாட்டரி என்றால் (ஆண்டுக்கு 2,50,000 பவுண்டு வரை விற்பவை) கமிஷனில் இருக்காது, உள்ளூர் கவுன்சிலில் பதிந்திருக்கும். தாளில் இருக்கும் தொலைபேசி எண்ணை நம்பாமல், ஹாஸ்பிஸின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து, "உங்கள் சார்பில்தான் வந்தாரா?" என்று கேட்டுவிடுவது இன்னும் சுலபம்.

லாட்டரியை நடத்துவது வேறு ஊர் ஹாஸ்பிஸாக இருந்தால் பதற வேண்டாம். செம்ஸ்ஃபோர்டில் உள்ள ஃபார்லி ஹாஸ்பிஸ் போன்றவை வேறு பல ஹாஸ்பிஸ்களுக்கும் சேர்த்தே லாட்டரி நடத்துகின்றன. அம்மாவின் பணம் எந்த ஹாஸ்பிஸின் பெயரில் வரவு வைக்கப்படுகிறது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பணக் கணக்கு. நவீன ஹாஸ்பிஸ் முறைக்கு முன்னோடியான சிசிலி சாண்டர்ஸ் 1967-ல் தெற்கு லண்டன் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்த காலத்திலிருந்தே இந்த மருத்துவம் நன்கொடையை நம்பித்தான் நடக்கிறது. நோயாளியிடம் ஒரு பென்னி வாங்குவதில்லை. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அரசிடமிருந்து வருகிறது. மீதியைப் பழைய துணி விற்கும் கடை, மாரத்தான், உயிலில் எழுதிவைக்கும் சொத்து, லாட்டரி என்று திரட்ட வேண்டும். இவற்றில் லாட்டரிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. உயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. லாட்டரிப் பணம் மாதாமாதம் வரும். அதை நம்பி ஒரு நர்ஸை வேலைக்கு எடுக்கலாம்.

ஆனால் உங்கள் 1 பவுண்டு முழுதாகப் போகாது. குறைந்தது 20 சதவீதம் நற்பணிக்குப் போக வேண்டும் என்பதுதான் சட்டம். பல ஹாஸ்பிஸ் லாட்டரிகள் அதைவிட நிறையவே கொடுக்கின்றன. மீதி பரிசு, நிர்வாகம், ஆள் சேர்க்கும் செலவு. வாசலுக்கு வந்தவர் ஹாஸ்பிஸ் ஊழியராக இல்லாமல், கூலிக்கு ஆள் சேர்க்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். அப்படியானால் தொடக்க மாதங்களில் கட்டுவதில் ஒரு பகுதி அந்தச் செலவுக்கே போய்விடும். "100 பவுண்டு வந்தால் ஹாஸ்பிஸுக்கு எத்தனை?" என்று கேளுங்கள். நேரான பதில் வராத இடத்தில் நான் சேர மாட்டேன்.

இதே 1 பவுண்டை நன்கொடையாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆண்டுக்கு 52 பவுண்டு. கொடுப்பவர் வருமான வரி கட்டுபவர் என்றால், கிஃப்ட் எய்ட் என்ற வரிச் சலுகைத் திட்டத்தில் அரசு 13 பவுண்டு சேர்க்கும். ஹாஸ்பிஸுக்கு 65 பவுண்டு கிடைக்கும். லாட்டரிக்குக் கிஃப்ட் எய்ட் கிடையாது, ஏனென்றால் நீங்கள் கொடுப்பது தானம் இல்லை, சீட்டின் விலை. பாதிப் பணத்தை நற்பணிக்குத் தரும் நல்ல லாட்டரியில்கூட 26 பவுண்டுதான் போய்ச் சேரும். சட்டத்தின் அடிமட்டம் என்றால் 10 பவுண்டு 40 பென்ஸ். உதவுவதுதான் நோக்கமென்றால் நன்கொடைதான் என் கட்சி. பரிசு ஆசை இல்லாவிட்டால் கை பர்ஸுக்கே போகாது என்பவர்கள் லாட்டரியில் சேரட்டும். அவர்களிடமிருந்து வரும் 26 பவுண்டு வேறு எப்படியும் வராது.

கேள்வி: சேர்ந்து 5 நாள்தான் ஆகிறது. வாசலில் போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டுதானே?

பதில்: இங்கே இல்லை. அந்த 14 நாள் சட்டத்திலிருந்து சூதாட்ட ஒப்பந்தங்களுக்கு விலக்கு உண்டு. லாட்டரி அதற்குள் அடங்கும். ஆனால் கவலை வேண்டாம், டைரக்ட் டெபிட்டை (கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு) எப்போது வேண்டுமானாலும் வங்கியில் நிறுத்தலாம். நிறுத்திவிட்டு லாட்டரி அலுவலகத்துக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஓர் ஆண்டுக்கு முன்பணமாகக் கட்டியிருந்தால் மீதி திரும்ப வருமா என்பது அந்த லாட்டரியின் விதியைப் பொறுத்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்க வேண்டிய வரி அதுதான்.

கேள்வி: சூதாட்டம் என்கிறீர்களே! தர்ம காரியம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

பதில்: இரண்டும்தான். 2005-ம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின் கீழ்தான் இவை நடக்கின்றன. சட்டப்படி 16 வயதிலேயே சேரலாம் என்றாலும், பல அமைப்புகள் 18 என்று வைத்திருக்கின்றன. எண்ணை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்களே ஒன்றைத் தருவார்கள். வாரம் ஒரு குலுக்கல். முதல் பரிசு பொதுவாக 1,000, 2,000 பவுண்டு அளவில் இருக்கும், வரி கிடையாது. விழுந்தால் காசோலை தானாக வீட்டுக்கு வரும். "பரிசு விழுந்திருக்கிறது, முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால், அவர் எந்த ஹாஸ்பிஸையும் சேர்ந்தவர் அல்ல, போனை வைத்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது சூதாட்டப் பழக்கம் இருந்திருந்தால், 1 பவுண்டுதானே என்று இதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிய நிலை. லாட்டரியில் உறுப்பினராக இருந்தால் ஹாஸ்பிஸில் இடம் சீக்கிரம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது, அதற்காகச் சேரவும் வேண்டாம். யார் பணம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று அங்கே பார்ப்பதில்லை. உங்கள் ஜி.பி. (குடும்ப டாக்டர்), வீட்டுக்கு வரும் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ், ஆஸ்பத்திரி டாக்டர் ஆகியோரில் ஒருவரிடம் ஹாஸ்பிஸுக்குப் பரிந்துரைக்கச் சொல்லுங்கள். பல ஹாஸ்பிஸ்களில் குடும்பத்தாரே நேரடியாக அழைத்தும் பேசலாம். "கடைசி நாளில் போகிற இடம்" என்று நம்மவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். உண்மையில் ஹாஸ்பிஸ் குழுவின் வேலையில் பெரும்பகுதி நோயாளியின் வீட்டிலேயே நடக்கிறது. வலி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை என்று எதற்கும் வருவார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் இருக்கும் தம்பியையும் சேர்த்துவிடலாமா? அவனே பணம் அனுப்புகிறேன் என்கிறான்.

பதில்: வேண்டாம். லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை இந்திய அந்நியச் செலாவணி விதிகள் தடை செய்கின்றன. இந்த லாட்டரிகளும் பொதுவாகப் பிரிட்டனில் வசிப்பவர்களைத்தான் சேர்த்துக்கொள்ளும்.