பதில்: 11 மாச அக்ரிமெண்ட் முடியறதுக்குள்ள வாடகைய ஏத்தலாமா?

மஞ்சக்குப்பம் வீட்டுல அஞ்சாவது மாசத்துலயே ஓனர் வாடகைய 7000-லேர்ந்து 10000 ஆக்கச் சொல்றார், தரலன்னதும் மோட்டார் போடறத நிறுத்திட்டார்னு எழுதிருக்கீங்க, நாடு முழுக்க வாடகைக் கட்டுப்பாடு வந்தா சரியாகுமான்னும் கேட்டுருக்கீங்க. அதுக்கெல்லாம் காத்திருக்காதீங்க ப்ரோ, மத்திய அரசு 2021-ல கொடுத்ததே மாதிரிச் சட்டம்தான், ஏத்துக்கறது அந்தந்த மாநிலத்து இஷ்டம்.

தமிழ்நாட்டுக்கு தனியா 2017 வாடகைச் சட்டம் இருக்கு, 2019 பிப்ரவரில அமலாச்சு. அதுல வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது, ஆனா அக்ரிமெண்ட்ல எழுதுனபடிதான் ஏத்த முடியும், இடையில அவர் இஷ்டத்துக்கு முடியாது. தண்ணி, கரண்ட்ட நிறுத்தறது நேரடியாவே தப்பு, வாடகை அதிகாரிகிட்ட மனு கொடுக்கலாம், துணை கலெக்டர் அந்தஸ்துல இருப்பார். மோட்டார் ரூம் பூட்டு, காலி டேங்க் ரெண்டையும் தேதியோட போட்டோ எடுத்து வைங்க. வாடகைய மட்டும் நிறுத்திடாதீங்க, பழைய 7000-த்த ஜிபேல போட்டுட்டே இருங்க. அக்ரிமெண்ட் வாடகை அதிகாரிகிட்ட பதிவாயிருக்கான்னும் பாருங்க, பதியாம வெறும் பத்திரத்துல எழுதுனதுன்னா முதல் சிக்கலே அதான்.

ஓனர் பக்கமும் ஒண்ணு சொல்லணும். திருப்பாதிரிப்புலியூர்ல எங்க பெரியப்பா கடை பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்துல 150 ரூபாய்க்கு விட்டது, ஓடு ஒழுகி மாத்தக்கூட அந்த வாடகை பத்தல, காலி பண்ண வைக்க 14 வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார், கடைசில சாவி வந்தப்போ அவர் இல்ல. அதனால பழைய மாதிரி கட்டுப்பாடு வேணும்னு நான் கேக்க மாட்டேன்.

11 மாசம் முடிஞ்சா அவர் புது ரேட் கேக்கலாம், ஒத்துவரலன்னா காலி பண்ணிடுங்க, மீறி உக்காந்தா கூடுதல் வாடகை கட்ட வேண்டி வரலாம்.