மனைவியை அடித்த வீரரை மறுபடி ஆட விடலாமா?

எங்கள் நெல்லைப் பக்கம் கொடைவிழா கபடியில் இப்படி ஒரு ரைடரைத் திரும்ப இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கூடாது என்பேன்.

2014-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸ், மணக்கவிருந்த பெண்ணை லிஃப்டுக்குள் அடித்தார். முதலில் 2 ஆட்டத் தடைதான். அடித்த வீடியோ வெளியான பிறகே அணி அவரை நீக்கியது. அடி அதே அடிதானே! ஊர் பார்த்த பிறகுதான் அது குற்றமாகிறதா? அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் ரைடருக்கு வருவோம். முதலில் அந்த அக்கா பாதுகாப்பாக இருக்கிறாரா என்று பாருங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவருக்கு இருக்கிறது, 181 உதவி எண்ணும் இருக்கிறது. "ஆட்டம் இருக்கு, சமாதானமாப் போ தாயி" என்று யாரும் அவரை நெருக்கக் கூடாது. வழக்கு முடிந்து, அந்த ரைடர் தன் தவற்றை வெளிப்படையாக ஒத்துக்கொண்டு திருந்தி நடந்தால் அப்புறம் யோசிக்கலாம். இந்தக் கொடைக்கு வேறு பையனை இறக்குங்கள்.