முன்சக்கரம் உடைந்தது சரி, த்ராட்டில் ஏன் மூடியிருந்தது?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். வெளி மாநிலத்தில் பைலட் படிப்பு படிக்கும் மகள், செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தில் தனியாகச் சர்க்யூட் (ரன்வேயைச் சுற்றி ஒரு வட்டம்) அடித்துவிட்டு இறங்கும்போது விமானம் மூன்று தடவை குதித்து, முன்சக்கரம் மடங்கி, ப்ரொப்பெல்லர் ரன்வேயில் அடித்துவிட்டதாம். பெண்ணுக்குக் காயம் இல்லை. லைசென்ஸ் கிடைக்காமல் போய்விடுமா, இவளுக்கு இது வராதா, அவள் அப்பா சொல்வதுபோல் வீட்டுக்கே கூட்டி வந்துவிடலாமா என்று கேட்கிறார். கூடவே ஒரு போட்டோ.

போட்டோவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ப்ரொப்பெல்லரின் இரண்டு நுனிகளும் பின்பக்கமாக, விமானி உட்காரும் பக்கமாக வளைந்திருக்கின்றன. இன்ஜின் முழு பவரில் இருக்கும்போது தரையில் பட்டால் நுனி பெரும்பாலும் முன்பக்கம் சுருளும். ஆக, அந்த நேரத்தில் த்ராட்டில், அதாவது இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடி, மூடியே இருந்திருக்கிறது. எனக்கு வேண்டியது இது ஒன்றுதான். முதல் தடவை குதித்ததைத் தப்பென்றே நான் சொல்ல மாட்டேன், நானும் குதித்தவன், என்னிடம் படித்தவர்களில் குதிக்காதவர்கள் யாரும் இல்லை. குதித்தபிறகு த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மேலே போகாமல், கெட்டுப்போன இறக்கத்தைச் சரிசெய்யப் பார்த்தாளே, அங்கேதான் விமானம் உடைந்தது.

ஏன் குதிக்கிறது என்றால், பெரும்பாலும் வேகம். 172-இல் ஃபிளாப் (வேகம் குறைத்து இறங்க உதவும், இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) இறக்கிய பிறகு ஃபைனலில், அதாவது ரன்வேயை நோக்கி நேராக வரும் கடைசிப் பகுதியில், 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) அளவில் வரச் சொல்வோம். 75-இல் வந்தால் பத்து நாட்தானே என்று தோன்றும், ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இறக்கையின் மொத்த நீளம் 11 மீட்டர், தரையிலிருந்து அந்த அளவு உயரத்துக்குக் கீழே வந்ததும் காற்றின் இழுவை குறைந்து விமானம் மிதக்கத் தொடங்கும். ரன்வே ஓடிக்கொண்டே இருக்கிறது, சக்கரம் தொடவே மாட்டேன் என்கிறது. பிள்ளைக்குப் பொறுமை போய் மூக்கை லேசாக அழுத்துகிறாள். முன்சக்கரம் முதலில் படுகிறது, மூக்கு எகிறுகிறது, இறக்கையின் கோணம் கூடி விமானம் மறுபடி மேலே. பயந்துபோய் மறுபடி அழுத்துகிறாள். விமானம் அரை நொடி தாமதமாகத்தான் கேட்கும், அதனால் அவள் கை எப்போதும் ஒரு தாளம் பிந்தியே இருக்கும், ஒவ்வொரு குதிப்பும் முந்தியதைவிட மோசமாகும். மூன்றாவதில் முன்சக்கரம் போவது எங்கள் தொழிலில் பழைய கதை.

இன்னொன்று கண். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது மூடுபனி இறங்கினால் புது டிரைவர் பானெட்டுக்கு முன்னால் இருக்கும் வெள்ளைக் கோட்டையே பார்ப்பார், வண்டி இடமும் வலமும் அல்லாடும். இறங்கும்போதும் அப்படித்தான். பார்வை ரன்வேயின் கடைசிக்குப் போனால்தான் தரை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஃபோனில் கேட்டுப் பாருங்கள்.

லைசென்ஸ் விஷயம். இதனாலேயே படிப்பு முடிந்துவிடாது. விஷயம் விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவுக்குப் போகும், அவளிடமும் எழுதி வாங்குவார்கள். விசாரணை மறுபடி நடக்காமல் தடுப்பதற்கு, யார் தலையிலாவது பழி போடுவதற்கு அல்ல. நடந்ததை நடந்தபடி, ஞாபகம் கலங்குமுன் இன்றே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்: என்ன வேகம், ஃபிளாப் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், எத்தனை குதிப்பு. அழகுபடுத்த வேண்டாம். கழுத்தோ முதுகோ வலித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும், இந்த வலி மறுநாள்தான் தலைகாட்டும்.

பணம்: ப்ரொப்பெல்லர் தரையில் பட்டால் இன்ஜினையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும், செலவு பெரிது. அதில் மாணவரின் பங்கு என்ன என்பது சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கும். அதைப் படிக்காமல் புதிதாக எதிலும் கையெழுத்து வேண்டாம்.

வீட்டுக்கு வந்து நாலு நாள் இருக்கட்டும், தாராளமாக. மாதக்கணக்கில் உட்கார வைக்காதீர்கள், பயம் உறைந்துவிடும். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அவள் நாற்பதில்தான் இருக்கிறாள் என்கிறீர்கள். திரும்பிப் போனதும் சோலோ (தனியாகப் பறப்பது) கேட்க வேண்டாம். இன்ஸ்ட்ரக்டரை வலப்பக்கம் உட்கார வைத்து, இறங்குவதை விட்டுவிட்டுக் கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே எழும்பிப் போவது) மட்டும் ஒரு மணி நேரம் செய்யட்டும்: த்ராட்டில் முழுக்க, மூக்கைக் கட்டுக்குள் பிடி, ஃபிளாப்பை 20 டிகிரிக்குக் கொண்டு வா, வேகம் ஏறியதும் மேலே போ. யோசிக்காமல் கை த்ராட்டிலுக்குப் போகும்வரை. அப்புறம் இன்ஸ்ட்ரக்டரே வேண்டுமென்று லேசாகக் குதிக்க வைப்பார், அவள் அதிலிருந்து எழும்பிப் போகட்டும்.

அவள் அப்பாவிடமும் இந்தப் போட்டோவைக் காட்டி, நுனி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று கேளுங்கள்.