அடுப்படியில் இருந்தவள் பார்க்காத அரை மணி நேரம்

கேள்வி: அக்கா, நான் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். மனைவி ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். தீபாவளி லீவுக்கு வந்தபோது புது டிவி வாங்கி வந்தேன். அப்பாவுக்குச் சிவாஜி என்றால் உயிர், அதனால் 'அந்த நாள்' படத்தைப் போட்டோம். அப்பா, அண்ணன், மச்சான், பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர் எல்லோரும் இருந்தார்கள். படம் முடிந்ததும் பெரிய வாக்குவாதம். கட்டின புருஷனைக் கொன்றவளை நல்லவளாகக் காட்டுவது என்ன நியாயம் என்று நாங்கள் கேட்டோம். மதிக்காத நாட்டுக்கு ராஜன் எதற்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று அப்பா கேட்டார். என் மனைவி மட்டும் எல்லோர் முன்னாலும் "உஷா செஞ்சதுதான் சரி" என்றாள். இத்தனைக்கும் கடைசி அரை மணி நேரம் அவள் படமே பார்க்கவில்லை. எங்களுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் போட அடுப்படிக்குப் போயிருந்தாள். பார்க்காத படத்துக்கு ஏன் வாய் என்று கேட்டுவிட்டேன். நான் கொழும்புக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது, போன் எடுத்தால் "ம்" என்பதோடு சரி. ஒரு படத்துக்காகப் புருஷனிடம் முகத்தைத் தூக்கலாமா? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, புரியவைக்க வேண்டியது உங்கள் மனைவிக்கு என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதப்போவதில்லை. படம் பார்த்துவிட்டுச் சண்டை போட்ட குடும்பங்களிடமிருந்து எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. முகத்தைத் தூக்கிவைத்திருக்கிற அளவுக்குச் சண்டை போனால், அதற்குப் படம் காரணமாக இருப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசி அரை மணி நேரம் அவள் பார்க்கவில்லை, அடுப்படிக்குப் போயிருந்தாள் என்ற வரி. அவள் வாயை அடைப்பதற்காக அதை எழுதியிருக்கிறீர்கள். நான் பிடித்துக்கொண்டதும் அதைத்தான்.

படம் பார்க்காத மற்ற வாசகர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். முடிவை இந்தத் தம்பியே போட்டு உடைத்துவிட்டதால் நான் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. 'அந்த நாள்' 1954இல் வந்த ஏவி.எம். படம். இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்டானே, அந்தச் சமயத்துக் கதை. (நம் தீவில் அதற்கு முந்தின வருசமே, 1942 ஏப்ரலில், கொழும்பிலும் திருகோணமலையிலும் போட்டுவிட்டான்.) சிவாஜி நடித்த ராஜன் என்ற ரேடியோ என்ஜினியர் சுடப்பட்டுச் சாகிறான். படம் தொடங்குவதே அந்தச் சாவில்தான். ஜாவர் சீதாராமன் நடித்த சிவானந்தம் என்ற சிஐடி அதிகாரி வந்து ஒவ்வொருவராக விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுச் சின்னையா, ராஜனின் தம்பி பட்டாபி, அவன் மனைவி ஹேமா, ராஜன் தொடர்பு வைத்திருந்த அம்புஜம் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஆளுக்கொருவரைக் கைகாட்டுகிறார்கள்.

ராஜனின் மனைவி உஷாவின் கதை முழுசாக வருவது கடைசியில். பண்டரிபாய் நடித்த பாத்திரம். ராஜனும் அவளும் எப்படிச் சேர்ந்தார்கள், அவன் மலிவு விலையில் செய்ய நினைத்த ரேடியோவுக்கு ஆதரவில்லாமல் எப்படிக் கசந்து போனான், அந்தக் கசப்பில் எப்படி எதிரிக்கு உளவு சொல்கிறவனாக மாறினான், அது தெரிந்தபிறகு அவள் அவனிடம் என்ன பேசினாள், துப்பாக்கி எப்படி வெடித்தது எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

இப்போது உங்கள் காம்பராவை நினைத்துப் பாருங்கள் தம்பி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கதையை உங்கள் மனைவி பார்த்தாள். கொழுந்தன் சொன்ன கதையையும் பார்த்தாள். படத்தில் எல்லோரும் பேசி முடித்து, கடைசியாக ஒரு பெண்டாட்டி தன் பக்கத்தைச் சொல்ல வாய் திறக்கிற நேரத்தில், உங்கள் பெண்டாட்டி புகைக்கு நடுவில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து ஆண்களுக்கு. அதில் ஒருத்தருக்குக்கூட "கொஞ்சம் நிப்பாட்டுங்க, அவளும் வரட்டும்" என்று சொல்லத் தோன்றவில்லை. ரிமோட் யார் கையில் இருந்தது? டிவி வாங்கி வந்தவர் கையில்தானே இருந்திருக்கும்.

இந்தப் படத்தில் பாட்டு கிடையாது. ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் என்பதுதான் இதற்கு இருக்கிற பெரிய பேர். வந்த காலத்தில் பெரிதாக ஓடவில்லை, பிறகுதான் கொண்டாடினார்கள். பாட்டில்லாததைப் பற்றி ஆண்கள் பேசும்போது புதுமை, துணிச்சல் என்று பேசுவார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் வீடுகளில் பெண்கள் படம் பார்க்கிற விதத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டு வந்தால் எழும்பிப் போவார்கள். ஒரு பாட்டில் உலை வைக்கலாம், இன்னொரு பாட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டலாம், மூன்றாவது பாட்டில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம். கதை அவர்களுக்காகக் காத்திருக்கும். என் அம்மா வாழ்நாள் முழுக்க அப்படித்தான் படம் பார்த்தார், ஒரு பாட்டையும் முழுசாகப் பார்த்ததில்லை. இந்தப் படத்தில் அந்த இடைவெளி இல்லை. எப்போது எழும்பினாலும் கதை போய்விடும். உங்கள் மனைவிக்கு அது தெரிந்திருக்கும். அதனால்தான் அவ்வளவு நேரம் எழும்பாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கடைசி அரை மணி நேரத்தில் யாரோ கேட்டிருக்கிறீர்கள். யார் கேட்டது என்று எழுதவில்லை. நீங்களாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் எழுதியிருப்பீர்கள்.

அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவர்தானே. விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, காலையில் பேர் பதியும் பிரட்டுக்கு ஓடி, மழையோ அட்டையோ பார்க்காமல் 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்து நிறுத்துக் கொடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். திரும்பி வந்தால் தண்ணீர், விறகு, அடுப்பு. நீங்கள் கொழும்பில் கஷ்டப்படுகிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. புடவைக் கடையில் நாள் முழுக்க நிற்கிற கால் வலி எனக்குத் தெரியும். ஆனால் லீவு உங்களுக்குத்தான் வந்தது. அவளுக்குத் தீபாவளி அன்று வேலை கூடியிருக்கும்.

அப்புறம், "பார்க்காத படத்துக்கு ஏன் வாய்" என்று கேட்டீர்களே. லயத்து அடுப்படி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஒரு சுவர். உஷா பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். முகத்தைப் பார்க்க முடியாமல் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்த ஐந்து பேருக்கும் புருஷன் செத்தது மட்டும்தான் மனதில் நின்றது.

உங்கள் கடிதத்தில் அம்புஜம் என்ற பேரே இல்லை. அதையும் சொல்லியே ஆக வேண்டும். கட்டின புருஷன், கட்டின புருஷன் என்று எழுதுகிறீர்கள். அந்தக் கட்டின புருஷன் வெளியில் ஒரு பெண்ணை வைத்திருந்தான், வீட்டுக்குள் பொய் சொன்னான், ஊரில் தூங்கிக்கொண்டிருந்த சனங்கள் மேல் குண்டு விழ வழி சொன்னான். இதில் எதுவும் உங்கள் ஐந்து பேருடைய நியாயத்தில் இடம் பெறவில்லை. பெண்டாட்டி கடமை என்னவென்று மட்டும் அலசியிருக்கிறீர்கள்.

நான் குடும்பத்தைப் பெரிதாக நினைக்கிறவள். சின்னச் சின்ன விசயத்துக்கெல்லாம் பிரிந்து போங்கள் என்று இந்தப் பக்கத்தில் ஒரு நாளும் எழுதியதில்லை. ஆனால் புருஷன் செய்கிற குற்றத்தை மூடி வைப்பது பெண்டாட்டியின் கடமை என்பதை நான் ஏற்கவே மாட்டேன். நம் தோட்டங்களில் அப்படி மூடி வைத்த பெண்கள் எத்தனை பேர்? குடித்துவிட்டு அடித்ததை மூடி வைத்தார்கள், சம்பளக் காசு போன இடத்தை மூடி வைத்தார்கள். அதனால் எந்தக் குடும்பம் பிழைத்தது? உஷா அவனைப் போலீசில் சொல்லியிருக்கலாம், துப்பாக்கியைத் தொட்டிருக்கவே கூடாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பேசத் தகுந்த பேச்சு, நானும் பேசுவேன். அவள் வேண்டுமென்றே சுட்டாளா என்பதும் பேசத் தகுந்ததுதான். அதை உங்கள் மனைவி கண்ணால் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

உங்கள் அப்பா சொன்னதை நான் அப்படியே தள்ளிவிட மாட்டேன். அவர் ராஜனைப் பற்றி மட்டும் பேசவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது தோட்டத் தமிழர்களான நம் ஆட்களுக்கு நாடே இல்லாமல் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் அங்கே இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்தவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று நம் சனம் பேர் வைத்தது. அப்படியொரு கோச்சியில் சொந்தத்தை ஏற்றிவிட்ட குடும்பத்துப் பெரியவர், மதிக்காத நாட்டுக்கு என்ன விசுவாசம் என்று கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ராஜன் செய்தது சரியென்று அவரோடு சேர்ந்து நான் சொல்ல மாட்டேன். ஓட்டு இல்லாமல், நாடு இல்லாமல் இருந்த காலத்திலும் நம் ஆட்கள் அடுத்த நாள் காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குத்தான் போனார்கள். ராஜனுக்கு ஆதரவு கொடுக்காதது அரசாங்கம். குண்டு விழுந்தது அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யாத சனங்கள் வாழ்ந்த ஊரில்.

அப்பா தன் மனதில் இருந்ததை ஒரு படத்தைச் சாக்கிட்டுச் சொன்னார். நீங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டீர்கள். நல்லது, பெற்றவரை அப்படித்தான் கேட்க வேண்டும். உங்கள் மனைவியும் அதே படத்தைச் சாக்கிட்டு நாலு சொல் சொன்னாள். அவளை மட்டும் ஏன் வாய் என்று கேட்டீர்கள். அதுவும் மாமனார் முன்னால், பக்கத்துக் காம்பராக்காரர் முன்னால். அவர் அதை வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார். மறுநாள் பிரட்டில் அத்தனை பெண்களுக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டீர்கள், அந்தப் பேச்சுக்குள் தினமும் போய் வருகிறவள் அவள். அவள் "ம்" என்றாவது சொல்கிறாளே.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. உஷா செய்தது சரி என்று ஒரு பெண் சொன்னால், என்னையும் சுட்டுவிடுவாளோ என்று ஆண்களுக்குக் கோபம் வருகிறது. இதே படத்துக்கு இதே கோபத்தை நான் வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். உங்கள் மனைவி நினைத்தது வேறு எதுவாகவும் இருக்கலாம். கூட இருக்கிறவன் செய்வது தப்பென்று தெரிந்தும் யாரிடமும் சொல்ல வழியில்லாமல் ஒருத்தி எத்தனை நாள் தனியாகக் கிடந்திருப்பாள் என்று நினைத்திருக்கலாம். மாதக்கணக்கில் தனியாக இருக்கிறவளுக்கு அது சீக்கிரம் புரியும். நான் ஊகித்துச் சொல்வது போதாது. நீங்கள் கேளுங்கள்.

போனில் கேட்காதீர்கள். போனில் அவள் "ம்" என்றுதான் சொல்வாள், மாமியார் பக்கத்தில் இருப்பார், பிள்ளை இழுக்கும். அடுத்த போயா (பௌர்ணமி) லீவுக்கு ஒரு நாள் சேர்த்து லீவு கேட்டு ஊருக்குப் போங்கள். முதலில் அப்பா இருக்கும்போதே "அன்றைக்கு அப்படிப் பேசினது என் பிழை" என்று சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் பேசினதை அறைக்குள் தனியாகத் தீர்க்க முடியாது. அவள் உடனே முகம் கொடுத்துப் பேசாவிட்டால் அதற்கும் கோபப்படாதீர்கள்.

பிறகு அந்தப் படத்தைத் திரும்பப் போடுங்கள். அவள் விட்ட இடத்திலிருந்து போட்டுக் காட்டிவிட்டு முடிந்தது என்று எழும்பாதீர்கள், ஆரம்பத்திலிருந்து போடுங்கள். உங்கள் அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அம்மாவைப் பற்றி நீங்கள் கடிதத்தில் எழுதவே இல்லை, அவரும் அன்று அடுப்படியில்தான் இருந்திருப்பார். உங்களுக்கு ரொட்டி தட்டத் தெரியாவிட்டால் டவுனிலிருந்து பாணும் பருப்புக் கறியும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். தேத்தண்ணியைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைத்தால் சூடு ஆறாது. உஷா பேசத் தொடங்கிய பிறகு அண்ணனோ மச்சானோ ஏதாவது கேட்டால், எழும்பிப் போக வேண்டிய ஆள் நீங்கள்.