பொறை ஏறினால் தட்ட வேண்டியது உச்சந்தலையில் அல்ல

கைக்குழந்தை உள்ள வீடுகளில் வரும் அவசர நேரச் சந்தேகங்களைப் போன இதழில் கேட்டிருந்தோம். கொங்குப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

"பேத்திக்கு ஒம்பது மாசமுங்க. பொறை ஏறுனா உச்சியில தட்டி ஊதி விடுவோம். போன வாரம் நெலக்கடலைப் பருப்பை வாயில போட்டு, சத்தமே வராம முழி பிதுங்கிப் போச்சு. குப்புறப் போட்டுத் தட்டுனதுல பருப்பு வந்துருச்சு. சரியான முறை எதுங்க?" – அம்மிச்சி ஒருவர், காங்கேயம்

நீங்கள் கடைசியாகச் செய்ததுதான் சரி, அம்மா. உச்சந்தலையில் தட்டுவதால் அடைப்பு நகராது.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். குழந்தை இருமுகிறது, வீறிட்டு அழுகிறது என்றால் காற்று போய் வருகிறது. அப்போது முதுகில் தட்டாமல், தண்ணீர் கொடுக்காமல் இரும விடுங்கள். அந்த இருமலை விட நல்ல மருந்து வீட்டில் கிடையாது. சத்தம் வரவில்லை, இருமல் வலுவில்லை, உதடு நீலம் பூக்கிறது என்றால்தான் கை வைக்க வேண்டும்.

உட்கார்ந்துகொண்டு, முன்கையைத் தொடை மேல் வைத்து, குழந்தையை அதன் மேல் குப்புறப் படுக்க வையுங்கள். தலை நெஞ்சை விடத் தாழ்ந்திருக்கட்டும். விரல்கள் தாடை எலும்பைத்தான் தாங்க வேண்டும், தொண்டையை அழுத்தக் கூடாது. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை அழுத்தமாகத் தட்டுங்கள். வரவில்லையா? தலையைத் தாங்கியபடி மல்லாக்கத் திருப்புங்கள். இரண்டு முலைக்காம்புகளுக்கும் நடுவே கோடு போட்டால், அதற்குச் சற்றுக் கீழே நெஞ்செலும்பில் உள்ளங்கை அடிப்பகுதியால் 5 முறை அழுத்துங்கள். நொடிக்கு ஒன்று, சுமார் 4 செ.மீ. ஆழம். பொருள் வெளியே வரும் வரை 5 தட்டு, 5 அழுத்து என மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றை அழுத்தக் கூடாது, கல்லீரல் கிழியலாம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கவும் வேண்டாம். வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினால் பருப்பு இன்னும் உள்ளே இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

குழந்தை துவண்டுவிட்டால் தரையில் படுக்க வைத்து, 108ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள். நெஞ்செலும்பில் முன்பு சொன்ன அதே இடத்தில் 30 அழுத்தம், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில். பிறகு வாயைத் திறந்து பார்த்து, குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி 2 முறை மெல்ல ஊதுங்கள். கன்னத்தில் அடங்கும் காற்று போதும், நெஞ்சு எழும்புவது தெரிய வேண்டும். ஆள் வரும் வரை 30க்கு 2 என்று தொடருங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அன்று வெளியே வந்தது முழுப் பருப்பா, பாதியா? துண்டு ஒன்று நுரையீரல் குழாயில் தங்கினால், அன்றைக்குச் சரியானது போலத் தோன்றிவிட்டு, சில நாளில் விடாத இருமலும் ஒரு பக்கம் மட்டும் இளைப்பும் வரும். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் "கடலை விழுங்கினாள்" என்று நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்குப் புரியும். இருமல் இருந்தால் இன்றைக்கே காட்டுங்கள். முழுக் கடலை, பொட்டுக்கடலை, தேங்காய்ச்சில்லு எதுவும் நான்கு வயது வரை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.

"ரெண்டரை மாதக் குழந்தை, எடை 5 கிலோ. தடுப்பூசி போட்ட அன்று காய்ச்சல். செவிலியர் அக்கா சொன்ன மருந்து தீர்ந்துவிட்டதால், மூத்தவனுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப்பைக் கொடுக்கலாமா?" – இளந்தாய், பல்லடம்

கொடுக்கலாம், ஆனால் அதே மில்லி அளவில் கொடுக்கக் கூடாது. பாட்டிலில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். பரவலாகக் கிடைக்கும் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மி.கி. சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 250 மி.கி. கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் உங்கள் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 75 மி.கி. அது சொட்டு மருந்தில் 0.75 மில்லி, 120 சிரப்பில் சுமார் 3 மில்லி, 250 சிரப்பில் 1.5 மில்லி. தவறு பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் நடக்கிறது. சிரப் பழக்கத்தில் சொட்டு மருந்தை 3 மில்லி கொடுத்தால் 300 மி.கி. போய்விடும், நான்கு மடங்கு. டீஸ்பூன் வேண்டாம், மில்லி கோடு போட்ட சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உட்பக்கமாக விடுங்கள். அடுத்த வேளைக்கு 6 மணி நேரம் இடைவெளி, நாளுக்கு 4 முறைக்கு மேல் கூடாது. கொடுக்கும் முன் அளவைச் செவிலியரிடம் போனில் ஒருமுறை சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிக் காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கிவிடும். ஊசி போடாமலேயே, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் வீட்டு மருந்து வேண்டாம், நேராக மருத்துவமனை. பால் குடிக்க மறுத்தாலும், நிமிடத்துக்கு 60 (ரெண்டு மாதம் முடிந்திருந்தால் 50) அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலும், மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் அதேதான்.

"சேலைத் தொட்டில் கட்டினா ஆபத்துன்னு மருமக சொல்றா. எங்க காலத்துல எல்லாரும் அதுல வளந்தவங்கதானுங்க?" – வாசகி, கோபிசெட்டிபாளையம்

மருமகள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. விழித்திருக்கும் குழந்தையை, பக்கத்தில் ஆள் இருக்கையில் ஆட்டுவதில் பெரிய பயமில்லை. சிக்கல் தூக்கத்தில்தான். சேலை வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கும். குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் இந்த ஆபத்து கூடுதல். ராத்திரித் தூக்கத்துக்குக் கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணையும் கனத்த போர்வையும் வேண்டாம்.

தொட்டில் கட்டினால், அதன் அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் உயர வேண்டாம், கீழே பாய் இருக்கட்டும், மேலே ஃபேன் வேண்டாம். குழந்தை புரளத் தொடங்கியதும் அவிழ்த்துவிடுங்கள். ரொம்பப் பேர் மறப்பது மூத்த பிள்ளைகளை. குழந்தையை எடுத்ததும் அவர்கள் அதில் தூரி ஆடுவார்கள், சுற்றி முறுக்குவார்கள். முறுக்கின சேலை கழுத்தில் இறுகினால் கத்தக்கூட முடியாது. ஒவ்வொரு முறையும் தூக்கி மேலே முடிந்துவிடுங்கள்.

"சத்தியமங்கலம் மலைத்தேன், கலப்படமே இல்லை. நாக்கில் தடவலாமா?" – வாசகர், அந்தியூர்

ஒரு வயது முடியும் வரை கூடாது. சுத்தமான தேனிலும் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். காய்ச்சினாலும் சாகாது. பெரியவர் வயிற்றில் ஒன்றும் ஆகாது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து தசைகளைத் தளர்த்திவிடும். சேனை வைப்பதற்கும் தேன் வேண்டாம். வசம்பு வளையலும் வேண்டாம், நூல் அறுந்தால் வசம்புத் துண்டு வாய்க்குத்தான் போகும்.

"தோட்டத்துச் சாளையில் இருக்கோம். தார் ரோட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் மண் தடம். 108 வண்டிக்கு வழி எப்படிச் சொல்றது?" – விவசாயி, தாராபுரம்

"இன்னார் தோட்டம்" என்பது ஊருக்குள் போதும், வேறு ஊரிலிருந்து வரும் ஓட்டுநருக்குப் போதாது. இப்போதே ஒரு அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்: மாவட்டம், வட்டம், ஊராட்சி, மெயின் ரோட்டில் எந்தப் பிரிவு, அங்கிருந்து இடதா வலதா, வாய்க்கால் பாலம் தாண்டி எத்தனையாவது தடம், வீட்டருகே உள்ள மின்கம்பத்தின் எண். அழைப்பவர் பதறிப்போய் இருப்பார், வாசித்தால் போதும். அழைத்ததும் ஒருவர் டார்ச்சோடு பைக்கில் பிரிவுக்குப் போய் நிற்கட்டும், நாயைக் கட்டிவிடுங்கள். குழந்தைக்கு மூச்சு இருந்தால்தான் வேறு வண்டியில் எதிரே கொண்டுபோவது. மூச்சு இல்லையென்றால் தரையிலேயே அழுத்தத்தைத் தொடருங்கள், ஓடும் வண்டியில் அது சரியாக நடக்காது.

தாய் சேய் நல அட்டை, கடைசியாகப் பார்த்த எடை, கொடுத்த மருந்துகளின் பாட்டில் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பூச்சிமருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் டப்பாவோடு கிளம்புங்கள்.

"ரிமோட் பேட்டரியை முழுங்கிட்டானோன்னு சந்தேகம். காசு மாதிரி மலத்தில் வந்துருமா?" – வாசகர், திருப்பூர்

காத்திருக்க வேண்டாம், கடிதம் எழுதும் நேரம்கூட அதிகம். காசு போலத் தட்டையான லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி 2 மணி நேரத்துக்குள் சதையை எரித்துவிடும். சார்ஜ் தீர்ந்த பேட்டரியும் இதைச் செய்யும். சாப்பாடு, வாந்தி எதுவும் வேண்டாம். எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அதே மாதிரி இன்னொரு பேட்டரி வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள்.

"ஆறு மாதக் குழந்தையை டூவீலரில் எப்படி உட்கார வைப்பது?" – வாசகி, அவினாசி

வேண்டாம். 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள மத்திய விதி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ளவர்களுக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும், 40 கி.மீ.க்கு மிகாத வேகமும் கேட்கிறது. ஆறு மாதத்தில் கழுத்து தலைக்கவசத்தைத் தாங்காது. பஸ்ஸில் போங்கள். கார் என்றால் மடியில் அல்ல, பின்சீட்டில், குழந்தை பின்பக்கம் பார்த்து இருக்கும் இருக்கையில்.