வாசகர் கேள்வி – பதில்: இந்தியப் பெருங்கடலில் பல நாட்டுக் கப்பல்கள்

கேள்வி: பல நாடுகள் சேர்ந்து ஒரு கடலை ஆராய்வதென்றால், கப்பல்கள் எல்லாம் அணிவகுத்துச் செல்லுமா? நம் கடலில் அப்படி நடந்ததுண்டா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: நடந்ததுண்டு, ஆனால் அணிவகுப்பாக அன்று. 1960-களின் முற்பாதியில் நடைபெற்ற சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் பங்கேற்றன. பிரிட்டனின் டிஸ்கவரி, ஜெர்மனியின் மீட்டியோர், சோவியத் ஒன்றியத்தின் வித்யாஸ் என ஒவ்வொன்றும் தனக்குரிய தடத்தில், தனக்குரிய மாதங்களில் சென்றது. இந்தியா தன் போர்க்கப்பலான கிஸ்த்னாவை ஈடுபடுத்தியது. அமெரிக்கா அனுப்பிய ஆண்டன் புரூன், முன்பு அதிபர் ட்ரூமனின் உல்லாசக் கப்பலாக இருந்தது என்பது சுவையான செய்தி.

தனித்தனியே திரட்டிய கணக்குகளை எப்படி ஒப்பிடுவது என்பதுதான் இதில் உண்மையான சிக்கல். ஒரு கப்பலின் நெருக்கமான வலை பிடிக்கும் சிற்றுயிர், மற்றொன்றின் அகன்ற கண்ணி வழியே நழுவிவிடும். அப்போது 'இங்கே உயிர் மிகுதி, அங்கே குறைவு' என்று தெரிவது கடலின் இயல்பா, வலையின் கோளாறா என்று சொல்ல முடியாது. எனவே நீரோட்டத்தோடு மிதந்து திரியும் சிற்றுயிர்களான மிதவை உயிரிகளைச் சேகரிக்கப் பொதுவான வலையொன்று வகுக்கப்பட்டது. அதன் வாய் 1 சதுர மீட்டர், கண்ணி 0.33 மில்லிமீட்டர், அதை 200 மீட்டர் ஆழத்திலிருந்து செங்குத்தாக மேலே இழுக்க வேண்டும். கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் இட்ட மாதிரிகள் கொச்சியில் இதற்கென அமைந்த உயிரியல் மையத்துக்கு வந்தன. அங்கே நுண்ணோக்கிகளின் முன் அமர்ந்தவர்கள் கோப்பிபோடுகள் எனப்படும் நுண்ணிய ஓட்டுயிரிகளையும் மீன் குஞ்சுகளையும் அம்புப் புழுக்களையும் வகை வகையாகப் பிரித்தார்கள். கப்பல்களின் பெயர் நிலைத்த அளவுக்கு இந்த மேசை வேலை பேசப்படாதது முறையன்று என்பேன்.

கேள்வி: கடலை அளப்பதற்கும் பருவமழைக்கும் என்ன தொடர்பு?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: தென்மேற்குப் பருவக்காற்றின்போது சோமாலியக் கரையோரம் நீரோட்டம் வடகிழக்காகப் பாய்கிறது, வடகிழக்குப் பருவத்தில் அதுவே திசைமாறித் தென்மேற்காகச் செல்கிறது. கோடையில் அக்கரையில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து, தன்னுடன் ஊட்டச்சத்துகளையும் கொண்டுவருவதால் மிதவை உயிரிகள் பெருகுகின்றன. ஆகவே ஒரே இடத்தை ஒரு பருவத்தில் மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். காற்றையும் கடலையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதால், முன் பதிலில் சொன்ன 1960-களின் ஆய்வுப் பயணத்தின் அங்கமாகப் பம்பாயில் சர்வதேச வானிலை மையமும் இயங்கியது.

கேள்வி: இப்போது தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டனவே, கப்பல் இன்னும் தேவையா?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: தேவைதான். ஆர்கோ எனப்படும் தானியங்கி மிதவைக் கருவிகள் பொதுவாகப் பத்து நாள்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம்வரை வெப்பத்தையும் உவர்ப்பையும் அளந்து, செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. அவற்றால் வலை வீச முடியாது. கடலடி மண்ணை அள்ளவும் முடியாது. அதனால்தான் 2015 டிசம்பரில் கோவாவில் தொடங்கிய இரண்டாவது சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வு முயற்சியின் முதல் பயணமாக, இந்தியாவின் சாகர் நிதி கப்பல் மொரீஷியஸ் நோக்கிப் புறப்பட்டது.